கடமை முடித்து வந்த துறவி

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் 1886 ஆகஸ்ட் 16 அன்று மகாசமாதி அடைந்த பின், அவருடைய இளம் சீடர்கள் பலர் இல்லம் துறந்து வராகநகர் மடத்தில் ஒன்று கூடினர். அவர்களைப் போலவே துறவில் நாட்டம் கொண்டிருந்த ஓர் இளைஞர் மட்டும் அப்போது பாட்னாவில் கல்லூரிப் பாடங்களைப் படித்துக்கொண்டிருந்தார். மடத்தில் சேர அவர் மேலும் பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஹரிபிரசன்னர் என்ற அந்த இளைஞரே பின்னாளில் சுவாமி விஞ்ஞானானந்தர் என உலகம் போற்றிய மகான்.

1868 அக்டோபர் 30 அன்று, இன்றைய உத்தரப்பிரதேசத்திலுள்ள எட்டாவாவில் ஒரு வங்காளக் குடும்பத்தில் அவர் பிறந்தார். கல்கத்தாவில் படித்த நாட்களில் சரத் என்பவர் அவருடைய வகுப்புத் தோழர். பிற்காலத்தில் சுவாமி சாரதானந்தர் ஆனவர் அவரே. அந்தத் தோழமையே 1883-இல் ஹரிபிரசன்னரைத் தட்சிணேசுவரத்திற்கு அழைத்துச் சென்றது. கட்டுமஸ்தான உடல் படைத்த அம்மாணவரைக் குருதேவர் ஒருமுறை மல்யுத்தத்திற்கு அழைத்தார். ஹரிபிரசன்னர் அவரைச் சுவரோடு சாய்த்தே விட்டார். ஆயினும் குருதேவரின் கைகளிலிருந்து ஏதோ ஒரு சக்தி தம்முள் பாய்வதை உணர்ந்து செயலற்று நின்றார். உடல்வலிமையில் யார் வென்றாலும், உள்ளம் அன்றே குருதேவருக்கு அடிமையாயிற்று.

எனினும் வீட்டு நிலைமை வேறாக இருந்தது. தந்தை முன்பே காலமாகிவிட்டார். அன்னையைக் காக்கும் பொறுப்பு மூத்த மகனின் தோள்மீது இருந்தது. ஆகவே அவர் பூனா சென்று, பிற்காலத்தில் புனே பொறியியல் கல்லூரி எனப் பெயர் பெற்ற அறிவியல் கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் பயின்று, 1892-இல் தேர்ச்சி பெற்றார். அரசுப் பணியில் சேர்ந்து மாவட்டப் பொறியாளராகவும் உயர்ந்தார்.

கைநிறைய ஊதியமும் அதிகாரமும் வந்தபோதும் அவருடைய வாழ்க்கை எளிமையாகவே இருந்தது. மடத்துச் சகோதரர்கள் யாத்திரையாக அப்பக்கம் வந்தால் அவருடைய இல்லம் அவர்களுக்குத் திறந்திருந்தது. மடத்தின் வறுமையை அறிந்து பொருளுதவியும் செய்துவந்தார். தாயின் வாழ்நாளுக்குப் போதுமான பொருளைச் சேர்த்து வைத்ததும், 1896-இல், தம் இருபத்தெட்டாம் வயதில் பதவியைத் துறந்து ஆலம்பஜார் மடத்தை அடைந்தார்.

கற்ற கல்வி வீண் போகவில்லை. பேலூரில் கங்கைக் கரையில் நிலம் வாங்கப்பட்டபோது கட்டிடப் பணிகளைச் சுவாமி விவேகானந்தர் அவரிடமே ஒப்படைத்தார். அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று மடத்து மரபில் சொல்லப்பட்டு வருகிறது. கங்கைக் கரையில் படித்துறையும் தடுப்புச் சுவரும் கட்ட எவ்வளவு செலவாகும் என்று சுவாமிஜி கேட்டார். உண்மைத் தொகையைச் சொன்னால் அவர் பின்வாங்கிவிடுவாரோ என அஞ்சிய விஞ்ஞானானந்தர், குறைத்தே மதிப்பிட்டுச் சொன்னார். வேலை தொடங்கிச் செலவு வரம்பை மீறியதும் சுவாமிஜியின் கோபம், பணத்தைக் கவனித்துவந்த சுவாமி பிரம்மானந்தர்மீது பாய்ந்தது. அவர் மறுமொழி ஏதும் கூறாமல் அத்தனையையும் தாங்கிக்கொண்டார். பிறகு தம் அறைக்குச் சென்று தனிமையில் கண்ணீர் விட்டார். அதை அறிந்த சுவாமிஜி ஓடிச்சென்று, தாமும் அழுது மன்னிப்புக் கேட்டார். கணக்கைக் குறைத்துச் சொன்ன பொறியாளருக்கு, நண்பரின் அந்தப் பொறுமை நூல்கள் புகட்டாத பாடமாக அமைந்தது.

1900-இல் அவர் அலகாபாத் (இன்றைய பிரயாக்ராஜ்) சென்றார். பல ஆண்டுகள் ஒரு சிறு இடத்தில் தனித்துத் தங்கி, தாமே சமைத்து உண்டு, தவத்திலும் படிப்பிலும் ஆழ்ந்தார். பின்னர் முட்டிகஞ்சில் ஆசிரமம் அமைந்தது. பொறியாளரின் அறிவு துறவறத்திலும் ஓயவில்லை. சூரிய சித்தாந்தம் என்ற வானியல் நூலை வங்காளத்தில் மொழிபெயர்த்தார். குடிநீர் வழங்கும் முறை பற்றியும் அம்மொழியில் ஒரு நூல் எழுதினார்.

பேலூரில் குருதேவருக்கு ஒரு பெரும் ஆலயம் எழுப்ப வேண்டும் என்பது சுவாமி விவேகானந்தரின் கனவு. அதன் அமைப்பை அவர் விஞ்ஞானானந்தருடன் கலந்து திட்டமிட்டார். ஆனால் 1902-இல் சுவாமிஜி மறைந்தார். பணம் இல்லை, வேலையும் தொடங்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வரைபடம் காத்திருந்தது. அதனோடு அவரும் காத்திருந்தார். 1935-இல் அடிக்கல்லை உரிய இடத்தில் மீண்டும் நாட்டியவர் அவரே. 1937-இல் ராமகிருஷ்ண மடம் மற்றும் மிஷனின் தலைவரானார். 1938 ஜனவரி 14, மகர சங்கராந்தி நன்னாளில், தளர்ந்த உடலுடன் வந்து ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார். தோழருக்குச் செய்து தரவேண்டிய பணி நிறைவேறியது. அதன்பின் சுமார் மூன்று மாதங்களே வாழ்ந்தார். ஏப்ரல் 25 அன்று அலகாபாத்தில் மகாசமாதி அடைந்தார்.

படிப்பும் வேலையும் குடும்பப் பொறுப்பும் ஆன்மிக வாழ்விற்குத் தடை என்று ஏங்கும் இளைஞர்கள் இன்றும் உள்ளனர். ஹரிபிரசன்னர் தாயை விட்டு ஓடவில்லை. குருதேவரை மறக்கவும் இல்லை. பத்து ஆண்டுகளும் தம் கடமையை முறையாகச் செய்தார். அந்த ஆண்டுகளில் கற்ற தொழிலைக் கொண்டே இறைவனுக்கு இல்லம் அமைத்தார். பேலூர் செல்லும் அன்பர்கள் அந்த ஆலயத்தின் கற்களைக் காணும்போது, காத்திருக்கத் தெரிந்த அந்தப் பொறியாளரையும் ஒருகணம் வணங்கி வருவார்களாக.