ஃப்ளஷ் பண்ணா தண்ணி மட்டும் போகுதா? தாமஸ் கிராப்பர் என்ற பிளம்பரின் கதை

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறோம். பால்கனி, கப்போர்டு, செல்போன் சிக்னல், பார்க்கிங் எல்லாத்தையும் செக் பண்றோம். பாத்ரூம் கதவைத் திறந்து, எட்டிப் பார்த்து, மூடிடறோம். ஃப்ளஷ் பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்ப்பவர்கள் ரொம்பக் குறைவு. குடிவந்த முதல் வாரத்தில்தான் விஷயம் தெரியும். தண்ணீர் சுற்றிச் சுற்றி வருகிறது, போக வேண்டியது போகவில்லை. ரெண்டாவது தடவை, மூணாவது தடவை அழுத்த வேண்டியிருக்கிறது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும் நாளாகப் பார்த்து மொத்தமாக அடைத்துக்கொள்கிறது.

இந்தத் தொல்லையோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் லண்டன் பிளம்பர் தாமஸ் கிராப்பர். இணையத்தில் தேடினால், ஃப்ளஷ் டாய்லெட்டைக் கண்டுபிடித்தவர் என்று அவரைச் சொல்வார்கள். அது தப்பு. அவர் கண்டுபிடிக்கவில்லை. அது ஒழுங்காக வேலை செய்ய டேங்க், குழாய், கமோட், சாக்கடை என்று எல்லாமே சரியாக இருக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டு அதையே தொழிலாகச் செய்தவர். உங்கள் வீட்டு கமோட்டில் எது கெட்டிருக்கிறது என்பதும் அவர் கதை வழியாகவே பாதி புரிந்துவிடும்.

நாறிய நகரத்தில் ஒரு இளைஞர்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், தோர்ன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் 1836-ல் பிறந்தவர் கிராப்பர். அப்பாவுக்குப் படகுத் தொழில். அண்ணன் ஜார்ஜ் லண்டனின் செல்சி பகுதியில் பிளம்பராக இருந்தார். 1853-ல் அந்த அண்ணனிடமே தொழில் பழகச் சேர்ந்தார் தம்பி.

அப்போது ஃப்ளஷ் டாய்லெட் புதுசு கிடையாது. முதலாம் எலிசபெத் ராணியின் ஞானமகன் ஜான் ஹாரிங்டன், தொட்டியிலிருந்து தண்ணீர் விட்டுக் கழுவும் கழிப்பறையைப் பற்றி 1596-லேயே புத்தகம் போட்டுவிட்டார். 1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் வாங்கிய காப்புரிமையில், கமோட்டுக்குக் கீழே S வடிவில் வளையும் குழாய் வந்தது. அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடை நாற்றம் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். இன்று பிளம்பர்கள் டிராப் என்று சொல்வது இதைத்தான். அடைப்புகள் அதிகம் சிக்குவதும் இங்கேதான்.

1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் கட்டணக் கழிப்பறைகள் வைத்தார். ஆளுக்கு ஒரு பென்னி. 8,27,280 பேர் காசு கொடுத்துப் பயன்படுத்தினார்கள். வீட்டுக்குப் போனதும் பலருக்கு அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று ஆசை.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. வீட்டுக்குள் ஃப்ளஷ் வந்துவிட்டது, வெளியே அதைத் தாங்கும் சாக்கடை இல்லை. வீடுகளுக்கு அடியில் இருந்த மலக்குழிகள் நிரம்பி வழிந்தன. எல்லாம் மழைநீர் கால்வாய்கள் வழியாக தேம்ஸ் ஆற்றில் கலந்தது. அந்த ஆற்றிலிருந்தே பலருக்குக் குடிநீரும் வந்தது. 1854-ல் சோஹோவில் காலரா பரவியபோது, அது அசுத்தத் தண்ணீரால் பரவுகிறது என்று மருத்துவர் ஜான் ஸ்னோ காட்டினார். 1858 கோடையில் நாடாளுமன்றத்தில் உட்கார முடியாத அளவுக்கு ஆறு நாறியது. அதன்பிறகே ஜோசப் பசல்ஜெட் தலைமையில் நகரம் முழுக்கப் பாதாளச் சாக்கடை கட்டும் வேலை தொடங்கியது.

இதெல்லாம் நடக்கும்போது கிராப்பர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பிளம்பர். 1860-ல் மரியா கிரீனைத் திருமணம் செய்தார். 1861-ல் செல்சியில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். 1866-ல் மார்ல்பரோ தெருவுக்கு இடம் மாறி, பித்தளை வார்க்கும் பட்டறையோடு பெரிதாக நடத்தினார். கழிப்பறைச் சாமான்களைக் கடையில் பார்வைக்கு அடுக்கி வைத்து விற்ற முதல் சிலரில் அவரும் ஒருவர். டாய்லெட் என்ற சொல்லையே வெளியில் சொல்லக் கூச்சப்பட்ட காலம் அது!

இளவரசரைப் படுக்க வைத்த ஜுரம்

மோசமான சாக்கடை ஏழைகளை மட்டும் தொடவில்லை. விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் 1861-ல் இறந்தபோது டைஃபாய்டு என்றே சொல்லப்பட்டது. பத்தே வருடத்தில், 1871-ல், மகன் எட்வர்டுக்கும் டைஃபாய்டு. ஸ்கார்பரோ பக்கம் ஒரு பிரபுவின் மாளிகையில் தங்கிவிட்டு வந்த பிறகு படுத்தார். அதே மாளிகையில் தங்கிய இன்னொரு பிரபு இறந்தே போனார். பழி அந்த வீட்டின் கழிவுநீர்க் குழாய்கள்மேல் விழுந்தது.

எட்வர்டு பிழைத்தார். 1880-களில் அவருடைய சாண்ட்ரிங்ஹாம் மாளிகைக்குக் குழாய் வேலை செய்யும் பொறுப்பு கிராப்பரின் கம்பெனிக்கு வந்தது. முப்பது கழிப்பறைகள், தேவதாரு மரத்தில் இருக்கைகள். அரச குடும்பத்தின் அங்கீகாரமும் கிடைத்தது. நல்ல குழாய் வேலை என்பது அந்த வீட்டைப் பொறுத்தவரை சொகுசு இல்லை, உயிர்ப் பிரச்சினை.

ஒன்பது லிட்டருக்குள் வேலை முடியணும்

கிராப்பர் தொழிலில் வளர்ந்த காலத்தில் லண்டன் தண்ணீர் கம்பெனிகளுக்கு ஒரு கவலை இருந்தது. அன்றைய பல டேங்குகளில் அடியில் ஒரு வால்வு இருக்கும். வால்வு தேய்ந்தால் தண்ணீர் ராத்திரி பகலாக ஒழுகும். சிலர் வேண்டுமென்றே வால்வைத் திறந்தபடி கட்டி வைத்தார்கள். 1870-களில் விதி வந்தது: ஒரு ஃப்ளஷுக்கு 2 கேலன், அதாவது சுமார் 9 லிட்டருக்கு மேல் தண்ணீர் விடக்கூடாது. தண்ணீரும் குறைவாக இருக்கணும், கழிவும் ஒரே தடவையில் போகணும். இன்றைய 6 லிட்டர், 3 லிட்டர் இரட்டை பட்டன் டேங்குக்கும் அதே தலைவலிதான்.

அன்றைய விடை, டேங்கைத் தலைக்கு மேலே மாட்டிச் சங்கிலியைத் தொங்கவிடுவது. உயரம் கூடினால் தண்ணீரின் வேகம் கூடும். இன்னொரு விடை, அடியில் வால்வே இல்லாத சைஃபன் டேங்க். சங்கிலியை இழுத்ததும் உள்ளே ஒரு தட்டு கொஞ்சம் தண்ணீரை மேலே தூக்கி வளைகுழாயின் மறுபக்கம் தள்ளும். பிறகு மீதித் தண்ணீர் தானாகவே இழுத்துக்கொண்டு போகும். வால்வு இல்லை என்பதால் ஒழுக வழியில்லை. பிரிட்டனில் 2001 வரை விதிப்படி சைஃபன் வகைதான் பொருத்த வேண்டியிருந்தது.

கிராப்பர் பெயரை உலகப் புகழாக்கியது இந்த சைஃபன் டேங்க். ஆனால் அவருடைய விளம்பரங்களில் வந்த அந்தச் சத்தமில்லாத, வால்வில்லாத டேங்கின் 1898 காப்புரிமை ஆல்பர்ட் கிப்ளின் என்பவர் பெயரில் இருக்கிறது. கிராப்பர் பெயரில் உள்ள காப்புரிமைகள் ஒன்பது. கமோட்டைக் கண்டுபிடித்ததற்காக ஒன்றுகூட இல்லை. டேங்க் நிரம்பியதும் தண்ணீரை நிறுத்தும் மிதவையைச் சரிசெய்தது போன்ற மேம்பாடுகளுக்கே அவை கிடைத்தன. என்னைக் கேட்டால், இதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஃப்ளஷ் பலவீனமாக இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் கோளாறு அந்த மாதிரிச் சின்ன இடங்களில்தான் இருக்கும்.

ஒரு பக்கெட் போதும்

கமோட்டையே மாத்தணும் சார் என்று யாராவது சொல்வதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்க. கமோட்டில் தண்ணீர் ஏற்கெனவே மேலே ஏறி நிற்கவில்லை என்றால், ஒரு பக்கெட்டில் ஆறேழு லிட்டர் தண்ணீர் எடுத்து, இடுப்பு உயரத்திலிருந்து ஒரே மூச்சில் ஊற்றுங்க. சட்டென்று எல்லாம் போய்விட்டால் டிராப்பும் குழாயும் நன்றாக இருக்கின்றன. கோளாறு டேங்கிலோ, தண்ணீர் கமோட்டுக்குள் வரும் வழியிலோ இருக்கிறது. மாறாக, தண்ணீர் மேலே ஏறி மெதுவாக இறங்கினால் அடைப்பு கீழே. அப்போது டேங்கை எவ்வளவு ரிப்பேர் பண்ணினாலும் பயனில்லை.

டேங்க் பக்கம் என்றால் மூடியைத் திறந்து தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்க. உள்ளே நிரம்பி வழியாமல் இருக்க ஒரு குழாய் நிற்கும். அதன் வாய்க்கு ஒரு அங்குலம் கீழே வரை தண்ணீர் வர வேண்டும். குறைவாக இருந்தால் மிதவையின் ஸ்க்ரூவைத் திருப்பி உயர்த்தலாம். தண்ணீரை மிச்சம் பிடிக்க டேங்குக்குள் பாட்டில் போட்டு வைக்கும் பழக்கம் பழைய பெரிய டேங்குகளுக்குச் சரி. 6 லிட்டர் டேங்கில் அது அடைப்புக்கு அழைப்பு. மலம் போக வேண்டிய நேரத்தில் சின்ன பட்டனை அழுத்துவதும் அப்படித்தான். கமோட் சுத்தமாகத் தெரியும், கழிவு நாலடி தள்ளிக் குழாயில் உட்கார்ந்துவிடும்.

டேங்கில் தண்ணீர் சரியாக இருந்தும் வேகம் இல்லையா? கமோட்டின் விளிம்புக்கு அடியில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்துப் பாருங்க. தண்ணீர் இறங்கும் துளைகள் வெள்ளையாக அடைந்திருக்கும். போர்வெல் தண்ணீர் வரும் பெங்களூரு, ஹைதராபாத், சென்னை வீடுகளில் இது ரொம்ப சகஜம். இரவில் வினிகரோ, எலுமிச்சை உப்புக் கரைசலோ விட்டு ஊறவைத்து, காலையில் வளைந்த கம்பியால் ஒவ்வொரு துளையாகக் குத்தி எடுங்க. பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

அடைப்பு என்றால் முதலில் பிளஞ்சர். அதன் ரப்பர் வாய் தண்ணீருக்குள் முழுகியிருக்கணும், அடியில் காற்றுப் புகக்கூடாது. அழுத்துவதைவிட இழுப்பதில்தான் வேலை நடக்கும். அதற்கும் மசியவில்லை என்றால் சுழற்றி உள்ளே விடும் ஸ்ப்ரிங் கம்பி. ஆசிட் ஊற்றினால் கரைந்துவிடும் என்று நம்பாதீங்க. அடைத்திருப்பது வெட் டிஷ்யூவோ நாப்கினோ என்றால் ஆசிட் அதை ஒன்றும் செய்யாது. ஆசிட் கிளீனரோடு ப்ளீச் கலந்தால் வருவது குளோரின் வாயு. மூடிய பாத்ரூமில் ஆளையே சாய்த்துவிடும்.

ஃப்ளஷ் பண்ணும்போது பக்கத்து வாஷ்பேசினில் களக் களக் என்று சத்தம் வந்தால், மாடிக்குப் போகும் காற்றுக் குழாயில் ஏதோ அடைத்திருக்கலாம். ஒரே குழாயில் இணைந்த மேல் கீழ் வீடுகளுக்கும் அதே பிரச்சினை என்றால் அது அபார்ட்மென்ட் சங்கத்தின் வேலை. அங்கே ஒன்றைக் கவனியுங்க. நம் டிராப்பைத் தாண்டிய அடைப்பை யாராவது எடுத்தாக வேண்டும். பாதுகாப்புக் கவசம் இல்லாமல் ஒரு மனிதரை சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். இயந்திரம் கொண்டு வரச் சொல்லிக் கேட்பது நம் உரிமை, நம் பொறுப்பும்கூட. லண்டன்காரர்கள் ஃப்ளஷ் பண்ணியதும் விஷயம் முடிந்தது என்று நினைத்தார்கள். தேம்ஸ் அப்படி நினைக்கவில்லை.

பெயர் மட்டும் மிச்சம்

1904-ல் கிராப்பர் ஓய்வு பெற்றார். தொழிலை அண்ணன் மகன் ஜார்ஜும் கூட்டாளி ராபர்ட் மார் வாராமும் எடுத்துக்கொண்டார்கள். 1910 ஜனவரி 27 அன்று, தெற்கு லண்டனின் ஆனர்லி வீட்டில் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தார். பக்கத்திலுள்ள எல்மர்ஸ் எண்ட் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டார்.

ஏறக்குறைய அறுபது வருடம் கழித்து, 1969-ல், வாலஸ் ரேபர்ன் என்ற எழுத்தாளர் அவரைப் பற்றி ஒரு நகைச்சுவைப் புத்தகம் எழுதினார். ஃப்ளஷ் டாய்லெட்டைக் கண்டுபிடித்தவர் என்ற கதை பரவியது அதிலிருந்துதான். அவர் பெயரைப் போலவே ஒலிக்கும் ஆங்கில வசைச்சொல்லும் அவரிடமிருந்து வந்தது என்று பலர் நம்புகிறார்கள். அந்தச் சொல் அவர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இருக்கிறது. பாவம், பெயர்ப் பொருத்தம் அப்படி.

கம்பெனி 1966-ல் இன்னொரு நிறுவனத்திடம் விற்கப்பட்டு மூடும் நிலைக்குப் போனது. பிறகு யாரோ பெயரை மீட்டு, பழைய விக்டோரியா காலத்து மாதிரிகளையே மறுபடி செய்து விற்கிறார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குப் போகிறவர்கள் நியூட்டன், டார்வின் கல்லறைகளைப் பார்த்துவிட்டுத் தரையையும் கொஞ்சம் பார்க்கலாம். அங்கே இருக்கும் சாக்கடை மூடிகளில் தாமஸ் கிராப்பர் கம்பெனியின் பெயர் வார்க்கப்பட்டிருக்கிறது.