பட்டா இல்லாதவருக்கு ஏது மானியம்? இரட்டைமலை சீனிவாசன் வாழ்வின் வழியே

ஒன்றிய அரசின் உழவர் உதவித்தொகை ஆண்டுக்கு 6,000 ரூபாய். மூன்று தவணைகளில் வங்கிக் கணக்கில் சேர்கிறது. உழவர் யார் என்பதை நிலப்பதிவேடு முடிவு செய்கிறது. பிறர் வயலில் நாற்று நடுகிறவருக்கும் வாய்மொழிக் குத்தகையில் உழுகிறவருக்கும் அத்தொகை இல்லை. தமிழகத்தில் இவ்வாறு விடுபடுவோரில் தலித்துகள் பெருந்தொகையினர். இதன் வேரைத் தேடினால் நாம் இரட்டைமலை சீனிவாசனின் காலத்துக்குச் செல்ல நேர்கிறது.

அவர் 1859-இல் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்தார். அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் அங்கிருந்து சென்னையைச் சுற்றி, எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய காத்திவாக்கத்தையும் தாண்டி வடக்கே நீண்டிருந்தது. மிராசி முறை வேரூன்றிய மாவட்டம் அது. தரிசு நிலத்துக்குப் பண்ணையாள் ஒருவர் விண்ணப்பித்தால், அதைப் பெறும் முதல் உரிமை மிராசுதாருக்கு. விண்ணப்பித்தவரின் குடிசை நின்ற மனையும் பெரும்பாலும் மிராசுதாருடையதே. கேட்டவர் நிலத்தையும் பெறாமல் குடியிருப்பையும் இழக்கக்கூடும் என்ற நிலையில் யார் துணிந்து கேட்பார்?

கோயம்புத்தூரில் படித்த சீனிவாசன், நீலகிரியில் ஆங்கிலேய நிறுவனங்களில் கணக்கராகப் பணியாற்றிவிட்டு 1890-இல் சென்னைக்கு வந்தார். மறு ஆண்டே பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். அதே 1891-இல்தான் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், நிலமற்ற பறையர்களின் நிலையை அரசுக்கு அறிக்கையாக எழுதினார். 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்றழைக்கும் ஒப்படைப்புகள் அதன் வழியே பிறந்தவை.

ஆணை வந்தும் அதை நிறைவேற்றும் கைகள் மாறவில்லை. கிராமக் கர்ணத்திடமும் மணியக்காரரிடமுமே பதிவேடு இருந்தது. சீனிவாசன் இதை நன்கறிந்திருந்தார் என்றே நாம் கருதுகிறோம். குடிமைப் பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டுமென்ற காங்கிரசின் கோரிக்கையை 1893-இல் அவர் எதிர்த்தார். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் கையொப்பங்களுடன் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். தேசியவாதிகள் இதை வெள்ளையர் பற்று என்று எளிதாகக் கடந்துவிடுகிறார்கள். ஆதிக்க சாதியினர் மட்டுமே படித்திருந்த நாட்டில், அத்தேர்வில் வெல்வோர் யாராக இருந்திருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் அவருடைய அச்சம் விளங்கும்.

அவ்வாண்டிலேயே 'பறையன்' இதழைத் தொடங்கிச் சில ஆண்டுகள் நடத்தினார். பின்னர் நெடுங்காலம் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வாழ்ந்து, 1921-இல் திரும்பினார். அதற்குள் சென்னை மாகாணத்தில், ஒடுக்கப்பட்டோருக்கு நிலமும் மனையும் வழங்கும் பொறுப்புடன் தொழிலாளர் துறை உருவாகியிருந்தது. சட்டமன்ற மேலவையில் 1924-இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் பொதுச்சாலைகளையும் கிணறுகளையும் அனைவருக்கும் திறந்துவிடக் கோரியது. வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் செல்லும் தெருவில் நடக்கவே தடையிருந்தால் பட்டா கேட்பது எங்ஙனம்? வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் பங்கேற்ற அவர், 1945 செப்டம்பர் 18 அன்று மறைந்தார்.

பரம்பரைக் கர்ணப் பதவி தமிழகத்தில் 1980-இல்தான் ஒழிந்தது. அதற்குள் பஞ்சமி நிலங்களில் பல, விற்கத் தடையிருந்தும் பிறர் பெயருக்கு மாறியிருந்தன. அவற்றை மீட்கக் கோரிய போராட்டத்தில் 1994-இல் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தனர்.

காத்திவாக்கமோ 2011-இல் சென்னை மாநகராட்சியில் இணைந்துவிட்டது. அனல்மின் சாம்பல் படியும் எண்ணூர்ப் பகுதியில் உழவர் உதவித்தொகை கோர வயலே அரிது. அத்தகைய இடங்களில் நிலம் ஆலைகளுக்கு எடுக்கப்பட்ட காலத்தில் நடப்பிலிருந்த 1894-ஆம் ஆண்டின் சட்டம், நிலத்தில் உரிமை உடையோருக்கே இழப்பீடு தந்தது. கூலிக்கு உழைத்தவர் அந்தக் கணக்கிலும் சேரவில்லை.