டெமாக்கிரீட்டஸ்

கிரேக்க தத்துவ ஞானிகள் என்றவுடன் சாக்ரட்டீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் என்னும் மூவருமே நம் நினைவில் முன்னிற்பர். அம்மூவருள் முதல்வர் காலத்திலேயே வாழ்ந்தும், தம் நூல்கள் அழிந்தமையால் புகழ் மங்கிநிற்கும் பெரியார் டெமாக்கிரீட்டஸ்.

இவர் திரேஸ் நாட்டுக் கடற்கரைப் பட்டினமாகிய அப்தேராவில், ஏறக்குறைய கி. மு. 460-இல் செல்வக் குடியிற் பிறந்தார். தந்தையின் பொருளைப் புதல்வர் மூவரும் பங்கிட்ட காலத்து, இவர் யாத்திரைக்கு உதவும் ரொக்கமே போதுமெனச் சிறுபங்கைப் பெற்று, எகிப்து முதலிய நாடுகளுக்குச் சென்று கற்றார் என்பர். கைப்பொருள் முழுதும் செலவாயிற்று. பிதுரார்ஜிதத்தை அழித்தவனுக்குச் சொந்த மண்ணில் அடக்கமும் இல்லை என்பது அவ்வூர்ச் சட்டமாம். இவரோ ஊராரைக் கூட்டித் தாம் இயற்றிய நூலொன்றைப் படித்துக் காட்டினார். கேட்டோர் வியந்து 500 தாலந்து பரிசளித்தனர் என்பது பழைய வரலாறு. கல்விக்காகக் கைப்பொருளை இழந்த எம்போன்றோருக்கு இது எத்துணை இனிய கதை!

இனி அவர் கொள்கை. இல்லதினின்று உள்ளது தோன்றாது. உள்ளது இல்லதாய்ப் போகாது. அங்ஙனமாயின், பிறப்பும் இறப்பும் மாற்றமும் யாங்ஙனம் நிகழ்கின்றன? தம் ஆசிரியர் லூசிப்பஸ் காட்டிய வழிநின்று இவர் கண்ட விடை இது: உலகில் உள்ளவை அணுக்களும் வெற்றிடமுமே. அணுக்கள் எண்ணிறந்தன, பகுக்கவொண்ணாதன, வடிவாலும் வரிசையாலும் நிலையாலும் வேறுபடுவன. அவை கூடுதலே தோற்றம், பிரிதலே அழிவு. ஒரே எழுத்துக்களைக்கொண்டே துன்பியல் நாடகமும் இன்பியல் நாடகமும் எழுதப்படுதல் போல என்று இதனை விளக்குவர். இனிப்பும் கைப்பும் நிறமும் நம் புலன்களைச் சார்ந்தனவேயன்றி அணுக்களில் உள்ளனவல்ல.

ஆன்மாவும் உருண்டை வடிவான நுண்ணணுக்களால் ஆயது, மரணத்தில் சிதறுவது என்றும் அவர் கூறினார். கிறிஸ்தவனாகிய நான் இதற்கு உடன்படேன். இதுபற்றியே அணுக் கொள்கை முழுவதையும் நாத்திகமென வெறுத்தாரும் பலர். ஆயினும் 17-ஆம் நூற்றாண்டில் அதற்குப் புத்துயிரளித்த கஸெண்டி ஒரு கத்தோலிக்க குருவே. அணுக்களையும் கடவுளே படைத்தார் என்று அவர் கொண்டார்.

1808-இல் டால்ட்டன் அணுக்களின் எடையை ஒப்பிட்டு ரசாயன நூல் வகுத்தார். 1897-இல் தாம்ஸன் எலெக்ட்ரானைக் கண்டபின், இன்று அணுவென நாம் வழங்குவது பகுக்கவொண்ணாததன்று என்பது தெளிவாயிற்று. டெமாக்கிரீட்டஸிடமோ தராசுமில்லை, சோதனைச்சாலையுமில்லை, சிந்தனையொன்றே கருவி.

கணிதம், வானநூல், இசை, உழவு எனப் பல துறைகளில் அவர் எழுதிய நூல்களுள் ஒன்றேனும் முழுமையாய் நமக்குக் கிட்டவில்லை. அவர் அணுக் கொள்கையை நாம் பெரிதும் அறிவது, அதனை மறுத்தெழுதிய அரிஸ்டாட்டிலின் நூல்களாலேயே.