சிப்பாய்களின் வலிப்புக்குப் பின்னால் இருந்த நாடாப்புழு: மர்மத்தை உடைத்த மெக்கார்தர் யார்?

1930களின் தொடக்கம். இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் சிலருக்குத் திடீர்னு வலிப்பு வர ஆரம்பித்தது. நம்ம ஊரில் 'காக்கா வலிப்பு' என்று சொல்லி, கையில் இரும்புச் சாவியைக் கொடுப்பார்களே, அதே வலிப்புதான். ராணுவத்தில் அது வந்தால் வேலை போச்சு. மனநோய் என்ற முத்திரையும் சேர்ந்து விழலாம்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ராணுவ மருத்துவர் வில்லியம் போர்ட்டர் மெக்கார்தர்.

யார் இவர்?

1884இல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் பிறந்தார். அங்கேயே மருத்துவம் படித்து ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்தார். முதல் உலகப் போருக்குப் பின் லண்டன் ராணுவ மருத்துவக் கல்லூரியில் வெப்பமண்டல நோய்களுக்கான பேராசிரியர் ஆனார். ஐரிஷ் மொழி மீது தீராத காதல். பழைய கொள்ளைநோய்களின் வரலாற்றைத் தோண்டி எழுதுவதும் பிடிக்கும்.

என்ன கண்டுபிடித்தார்?

வலிப்பு வந்த சிப்பாய்களின் தோலுக்கு அடியில் சின்னச் சின்ன உருண்டைகள் இருக்கிறதா என்று தேடினார். அப்படி ஒன்றை வெட்டி எடுத்துப் பார்த்தால், உள்ளே பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம். எக்ஸ்ரே எடுத்தால் சிலருடைய தசைகளில் அரிசி மணி போலச் சுண்ணாம்பு படிந்த கட்டிகள். அதே கட்டிகள்தான் மூளையிலும் உட்கார்ந்திருந்தன. 1933, 1934இல் இதை விரிவாக எழுதினார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கட்டி உயிரோடு இருக்கும்வரை உடம்பு அதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. அது சாகும்போதுதான் சுற்றி வீக்கம் வந்து வலிப்பு தூண்டப்படுகிறது. அதற்குப் பல வருஷம் ஆகலாம். இந்தியாவில் தொற்றியது, ஊர் திரும்பிய பிறகு வெளிப்பட்டது இப்படித்தான். 1961இல் டிக்சன், லிப்ஸ்காம்ப் என்ற இரு மருத்துவர்கள் 450 நோயாளிகளை ஆராய்ந்து இந்தப் புரிதலை உறுதிப்படுத்தினார்கள்.

பன்றிக்கறி சாப்பிட்டால்தான் வருமா?

இல்லை. இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். கட்டி உள்ள பன்றிக்கறியைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிட்டால் குடலில் நாடாப்புழு வளரும். மூளையில் கட்டி வருவதோ, அந்தப் புழுவின் முட்டை வாய்க்குள் போவதால். புழு உள்ளவரின் மலத்தில் முட்டை வெளியேறும். கழுவாத கை, அசுத்தமான தண்ணீர், பச்சைக் காய்கறி வழியே அது யாருக்கும் போகலாம். சுத்த சைவருக்கும் வரலாம்.

நிக்கோபாரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பன்றி என்பது விருந்துக்கும் சடங்குக்கும் குடும்பம் சேர்த்துவைக்கும் செல்வம். தேங்காய் தின்று வளரும் பன்றிக்கு இந்தப் புழு தானாக வராது. மனித மலத்தில் வாய் வைத்தால்தான் வரும். ஆகவே கழிப்பறை, கை கழுவுதல், நன்றாக வேகவைத்த கறி, இந்த மூன்றும் சங்கிலியை அறுத்துவிடும். பன்றியையோ, வளர்ப்பவரையோ குறை சொல்வதில் அர்த்தமில்லை.

இன்று எப்படிக் கண்டறிகிறார்கள்?

மெக்கார்தருக்கு எக்ஸ்ரேதான் இருந்தது. இப்போது சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்கள் கட்டியை நேரடியாகக் காட்டுகின்றன. ஆனாலும் குழப்பம் தீரவில்லை. ஸ்கேனில் தெரியும் ஒற்றைப் புள்ளியைக் காசநோய்க் கட்டி என்று நினைத்து மருந்து கொடுத்த காலமும் உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இரண்டையும் பிரித்தறியும் அளவுகோல்களை 1990களில் வகுத்தார்கள். 20 மி.மீ.க்கு மேல் போகாத அளவு அதில் ஒன்று.

பூச்சி மாத்திரையை நாமே வாங்கிப் போடுவது ஆபத்து. மூளையில் உள்ள கட்டி மருந்தால் சாகும்போது வீக்கம் கூடலாம். வலிப்பு மருந்தும் வீக்கம் குறைக்கும் மருந்தும் சேர்த்துத் தர வேண்டுமா என்பதை ஸ்கேன் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்வார்.

மெக்கார்தர் 1938 முதல் 1941 வரை பிரிட்டிஷ் ராணுவ மருத்துவத் துறையின் தலைவராக இருந்தார். ஓய்வுக்குப் பிறகு அயர்லாந்துப் பெரும் பஞ்சத்தின் மருத்துவ வரலாற்றை எழுதினார். அது 1956இல் வெளிவந்தது. 1964இல் காலமானார். முதன்முறையாக வலிப்பு வந்தவரை மந்திரிக்கக் கூட்டிப் போகாமல் ஸ்கேன் எடுக்க அனுப்புவதற்கு இன்று ஒரு காரணம் இருக்கிறது என்றால், அதில் அவருக்கும் பங்கு உண்டு.