இரண்டு அட்டைகள் தந்த ஆசிரியர்

கால்பந்தாட்டத்தில் வீரர்களை நாம் போற்றுகிறோம். நடுவரையோ தீர்ப்பு பிடிக்காதபோது மட்டும் ஏசுகிறோம். அந்த நடுவரின் கையில் மஞ்சள், சிவப்பு அட்டைகளைக் கொடுத்த கென் ஆஸ்டனைப் பற்றி அறிவோம்.

இவர் 1915 செப்டம்பர் 1-ஆம் நாள் இங்கிலாந்தின் கோல்செஸ்டர் நகரில் பிறந்தார். பள்ளி ஆசிரியராகவும், பின்னர் தலைமையாசிரியராகவும் பணியாற்றினார். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் இந்தியப் படையில் சேர்ந்து, லெப்டினன்ட் கர்னலாக உயர்ந்தார். போருக்குப் பின் 1946-இல் வெள்ளை ஓரமிட்ட கறுப்புச் சீருடையை அணிந்து ஆட்டம் நடத்தினார். அதுவே நெடுங்காலம் நடுவர்களின் உடையாயிற்று.

1962 ஜூன் 2-ஆம் நாள் அவருக்குப் பெருஞ்சோதனை வந்தது. சாந்தியாகோ நகரில் சிலியும் இத்தாலியும் மோதிய உலகக் கோப்பை ஆட்டம் அடிதடியாக மாறியது. வெளியேற்றப்பட்ட இத்தாலிய வீரர் ஒருவர் நகர மறுக்கவே, காவலர்கள் வந்து அவரை அழைத்துச் சென்றனர். சிலி வீரர் விட்ட குத்து ஆஸ்டன் கண்ணில் படவில்லை. பழி அவர் மேல் விழுந்தது. ஆயினும் அவர் சோர்ந்து ஒதுங்கவில்லை. மறு ஆண்டே இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தை நடத்தினார்.

1966 உலகக் கோப்பையில் நடுவர்களுக்குப் பொறுப்பாளர் அவரே. இங்கிலாந்துடன் ஆடிய அர்ஜென்டினாவின் தலைவர் ரத்தினை ஜெர்மானிய நடுவர் வெளியேற்றினார். ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியவில்லை; ஆட்டம் நின்றது. ஆஸ்டனே களத்தில் இறங்கிச் சமாதானம் செய்ய நேர்ந்தது. வேறொரு குழப்பமும் எழுந்தது. இங்கிலாந்து வீரர்கள் இருவர், தாம் எச்சரிக்கப்பட்டதைச் செய்தித்தாள் வழியாகவே அறிந்தனராம்.

இதையே எண்ணியபடி லண்டனில் காரோட்டிச் சென்றபோது, சாலை விளக்கு மஞ்சளாகிச் சிவப்பாயிற்று. நம் ஊர்ச் சந்திகளில் நாம் காணும் அதே நிறங்கள்தாம். மஞ்சள் என்றால் எச்சரிக்கை. சிவப்பு என்றால் நிறுத்தம். எம்மொழியினருக்கும் இது விளங்குமே என்று அவருக்குத் தோன்றியது. 1970-இல் மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் வந்தன. உலகக் கோப்பையில் முதல் சிவப்பு அட்டை 1974-இல்தான் காட்டப்பட்டது.

2001 அக்டோபர் 23-ஆம் நாள் ஆஸ்டன் மறைந்தார். அவர் தந்த அட்டைகளை நம் திண்டுக்கல் ரூபா தேவியும் பன்னாட்டு நடுவராக ஏந்தியுள்ளார்.

தண்டிக்குமுன் எச்சரிப்பதே நல்லாசிரியர் வழி. தம்மை வாட்டிய குழப்பம் பிற நடுவர்களை வாட்டாதிருக்க வழி கண்ட ஆஸ்டனை நாமும் நினைவில் கொள்வோம். நடுவரை ஏசுமுன் சற்றுச் சிந்திப்போம்.