ஒளியை மருந்தாக்கிய நீல்ஸ் ஃபின்சன்



வெல்டிங் ஷாப்பில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஆர்க்கைப் பார்த்தவனுக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராது. கண்ணில் மண்ணை வாரிப் போட்ட மாதிரி அறுக்கும். அப்படிப்பட்ட ஆர்க் ஒளியையே மருந்தாக்கி, நோயால் முகம் சிதைந்தவர்களைக் குணமாக்கினார் ஒருவர். அவர்தான் நீல்ஸ் ரைபெர்க் ஃபின்சன். தாடை வலி, கழுத்து வலி, தலைவலி என்று இன்று லேசர் ஒளி வைக்கிறார்களே, ஒளியும் ஒரு மருந்துதான் என்று உலகத்துக்குக் காட்டியவர் அவர்.

கடைசி பெஞ்ச் மாணவர்

ஃபின்சன் 1860-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் தேதி, டென்மார்க்குக்குச் சொந்தமான ஃபாரோ தீவுகளில் பிறந்தார். நாலு வயதிலேயே அம்மாவை இழந்தார். டென்மார்க்கில் படித்த பள்ளியின் தலைமை ஆசிரியர், பையன் நல்லவன், ஆனால் படிப்புக்கு லாயக்கில்லை என்கிற மாதிரி எழுதி அனுப்பிவிட்டார். பிறகு ஐஸ்லாந்தில் சேர்ந்து பள்ளிப் படிப்பை முடித்தபோது அவருக்கு வயது 21. வகுப்பில் 15 பேர், அவர் வாங்கியது 11-ஆவது இடம்! அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

1882-ல் கோபன்ஹேகனில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். அடுத்த வருடமே உடம்பில் ஒரு நோய் தலைகாட்டியது. ஈரல், இதயம், மண்ணீரல் மூன்றையும் மெல்ல மெல்லக் கெடுக்கும் நோய் அது. அவர் குடியிருந்த வீடு வடக்குப் பார்த்த வீடு, வெயிலே விழாது. எப்போதும் சோர்வாக இருந்தார். வெயிலில் கொஞ்ச நேரம் இருந்தால் தேவலை என்று தோன்றியது. நிழல் நகர நகர ஒரு பூனை வெயில் இருக்கும் பக்கமாகவே நகர்ந்து படுத்ததை ஜன்னல் வழியாகக் கவனித்தார் என்றும் சொல்வார்கள். நம்ம திண்ணையிலும் பூனை இருக்கிறது. ஏன் என்று கேட்டவர் அவர்!

கரண்ட் கம்பெனியில் சிகிச்சை

1890-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1893-ல் கற்பித்தல் வேலையை விட்டுவிட்டு ஒளி ஆராய்ச்சியில் முழுதாக இறங்கினார். அந்தக் காலத்தில் தோலில் வரும் காசநோய் ஒன்று மூக்கையும் கன்னத்தையும் அரித்துத் தின்றது. நோயாளிகள் வெளியே தலைகாட்ட முடியாமல் வீட்டுக்குள்ளேயே முடங்கினார்கள். 1895-ல் கோபன்ஹேகன் மின்விளக்கு நிலையத்தில் வேலை பார்த்த மோகென்சன் என்ற இன்ஜினியருக்கு இந்த நோய். அறுவை சிகிச்சைகள் செய்தும் பலனில்லை. அந்த மின்நிலையத்திலேயே கார்பன் ஆர்க் விளக்கை வைத்து, தினமும் அவர் முகத்தில் ஒளி பாய்ச்சினார் ஃபின்சன். சில மாதங்களில் புண் ஆறியது.

இதில் நமக்குப் பாடம் அந்த விளக்கின் அமைப்புத்தான். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்பதால் குவார்ட்ஸ் லென்ஸ் போட்டார். சூடு தோலைச் சுடாமல் இருக்க ஒளியைத் தண்ணீர் வழியாகச் செலுத்தினார். இரத்தம் ஒளியை விழுங்கிவிடும் என்பதால், தோலைக் குவார்ட்ஸ் தகட்டால் அழுத்தி இரத்தத்தை விலக்கினார். டார்ச் மேல் விரலை வைத்துப் பாருங்கள், சிவப்பு மட்டும்தான் வெளியே வரும். மற்ற நிறங்களைப் பெரும்பாலும் இரத்தம் பிடித்துக்கொள்கிறது.

1896-ல் அவர் பெயரிலேயே ஒளி மருத்துவ நிலையம் தொடங்கியது. ஐந்தே வருடத்தில் சுமார் 800 பேர் சிகிச்சை பெற்றார்கள். பெரும்பாலோர் குணமானார்கள். 1903-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. போய் வாங்க உடம்பில் தெம்பில்லை. சக்கர நாற்காலியில் இருந்தார். பரிசுப் பணத்தில் பெரும் பங்கை மருத்துவப் பணிக்கே கொடுத்தார். கடைசி நாட்களிலும் தான் உண்ணும் உப்பையும் தண்ணீரையும் அளந்து, அது உடம்பில் எப்படித் தேங்குகிறது என்று கட்டுரை எழுதினார். 1904 செப்டம்பர் 24-ல் மறைந்தபோது வயது 43தான்.

விளக்கிலிருந்து லேசருக்கு

நம் நாட்டிலும் 1933-ல் குஜராத்தின் ஜாம்நகரில், சூரியன் போகும் பக்கமெல்லாம் திரும்பும் ஒளி மருத்துவக் கட்டடம் எழுந்தது. காசநோய்க்கு மருந்துகள் வந்தபின் ஃபின்சன் விளக்குக்கு வேலை குறைந்தது. ஆனால் 1960-ல் மைமன் முதல் லேசரை உருவாக்கினார். 1967-ல் ஹங்கேரி டாக்டர் மெஸ்டர், மிகக் குறைந்த சக்தி லேசர் பட்ட எலிகளுக்கு முடி வேகமாக வளர்வதைப் பார்த்தார். வலிக்கு வைக்கும் லேசர் அங்கிருந்துதான் கிளம்பியது. இதில் சிவப்பும் அகச்சிவப்பும் பயன்படுகின்றன. அவைதான் சதைக்குள் ஆழமாகப் போகும்.

என் அம்மா ஸ்பின்னிங் மில்லுக்குப் போகிறவர். இரண்டு வருடமாகத் தாடையில் ஆரம்பித்து நெற்றிப்பொட்டு வரை வலி. ஊரில் ஒரு இடத்தில் பத்து தடவை லேசர் வைத்தால் அடியோடு போய்விடும் என்று சொல்லிப் பெரிய தொகை கேட்டார்கள். எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், இது நிசமா என்று அம்மா என்னைத்தான் கேட்டார். நான் போய், அலைநீளம் எத்தனை நானோமீட்டர், சக்தி எத்தனை மில்லிவாட், ஒரு இடத்தில் எத்தனை நிமிஷம் என்று கேட்டேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போனோம். தாடைத் தசை இறுகியிருக்கிறது என்று சொல்லி, ஒத்தடமும் பயிற்சியும் கொடுத்தார். லேசர் தேவையா என்பதைப் பிறகு பார்க்கலாம் என்றார். வலி இப்போது பாதிதான்.

லேசர் ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லைங்க. 2009-ல் 16 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், கழுத்து வலிக்கு அது பலன் தருவதாகத் தெரிந்தது. தாடை வலியில் சில ஆய்வுகள் சாதகம், சில இல்லை. தலைவலிக்கு இன்னும் உறுதியான ஆதாரம் போதாது. திடீரென்று வரும் கடும் தலைவலிக்கும், முகம் மரத்துப் போவதற்கும் முதலில் டாக்டர்தான்.

ஃபின்சன் ஒளியை மந்திரம் என்று சொல்லி விற்கவில்லை. எந்த ஒளி, எவ்வளவு, எந்த நோய்க்கு, எத்தனை பேருக்குக் குணம் என்று கணக்கு வைத்தார். மீட்டர் பிடிக்கக் கற்ற நமக்கும் அந்தக் கடமை உண்டு. நாளைக்கு இந்தக் கருவிகளைச் செய்யப்போவதும், பழுது பார்க்கப்போவதும் நாம்தான். வீட்டில் நம்மை நம்பிக் கேட்பவர்களுக்கு அளந்து பார்த்துப் பதில் சொல்வோம், நண்பர்களே!

— இரண்டாம் ஆண்டு, மின்னியல் துறை