மாதம் ஒரு பென்னி



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுன்னு யூனியன்ல கேட்டாங்க. காந்தி, காமராஜர் பற்றி எழுத நம்மில் நிறைய பேர் இருக்கிறீர்கள். நான் எடுத்துக்கொண்டது டேனியல் ஓகானல் என்ற அயர்லாந்து வக்கீலை. காரணம் ஒன்றுதான். எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதே குற்றம் என்று ஒரு நாட்டில் சட்டம் இருந்ததை லைப்ரரியில் படித்ததும் புத்தகத்தை மூட மனசு வரலை.

அயர்லாந்துக்குக் கிறிஸ்துவம் வந்தது ஐந்தாம் நூற்றாண்டில். பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி போப்பை விட்டுப் பிரிந்தார். அயர்லாந்து ஜனங்களில் பெரும்பாலோர் அவர் பின்னால் போகவில்லை. 1690-களிலிருந்து அதற்குத் தண்டனையாக ஒவ்வொரு சட்டமாக வந்தது. கத்தோலிக்கர் பள்ளிக்கூடம் நடத்தக் கூடாது, படிக்க வெளிநாடு போகக் கூடாது, பார்லிமெண்டில் உட்காரக் கூடாது. ஐந்து பவுனுக்கு மேல் விலை பெறும் குதிரை கூட வைத்திருக்கக் கூடாது. வேலி மறைவில் பள்ளிக்கூடம் நடந்தது, மலைப் பாறை மேல் பூசை நடந்தது.

குதிரைச் சட்டம் வெறும் காகிதத்தில் இருந்த சட்டம் இல்லை. டேனியலின் அத்தை ஐலீனின் கணவர் ஆர்ட் ஓலியரி தன் குதிரையை அந்த விலைக்கு விற்க மறுத்த தகராறில் 1773-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். அத்தை பாடிய ஒப்பாரி இன்றும் ஐரிஷ் மொழியின் பெரிய கவிதைகளில் ஒன்று. அந்தச் சாவு நடந்து இரண்டு வருஷம் கழித்து, 1775 ஆகஸ்ட் 6-ல், கெர்ரி மாவட்டத்தில் டேனியல் பிறந்தார். சின்ன வயதில் குடியானவர் குடிசையில் வளர்ந்ததால் முதலில் பேசியது ஐரிஷ் மொழி. பிறகு பிள்ளையில்லாத பெரியப்பா எடுத்து வளர்த்தார். பெரியப்பாவுக்குக் கடத்தல் வியாபாரம்! அந்தப் பணத்தில்தான் பையன் பிரான்சுக்குப் படிக்கப் போனான். அங்கே புரட்சி. ராஜாவின் தலை வெட்டப்பட்ட 1793 ஜனவரியில் ஓகானலும் தம்பியும் தப்பித்து ஓடி வந்தார்கள். ரத்தம் சிந்தி வாங்கும் விடுதலை மேல் அவருக்கு வெறுப்பு அப்போதே வந்துவிட்டது.

அடுத்து லண்டனில் சட்டப் படிப்பு. இங்கேதான் எனக்கு ஆச்சரியம். பிற்காலத்தில் கத்தோலிக்கர்களின் தலைவரான இந்த மனுஷன், லண்டனில் தாமஸ் பெயின் புத்தகங்களைப் படித்துச் சர்ச் நம்பிக்கையையே விட்டுவிட்டார். கடவுள் உண்டு, ஆனால் வேதமும் சடங்கும் வேண்டாம் என்ற கட்சி. சில வருஷங்கள் அப்படித்தான் இருந்தார். 1802-ல் சொந்தக்காரப் பெண் மேரியை ரகசியமாகக் கல்யாணம் செய்தார். வரதட்சணை இல்லாத பெண் என்பதால் பெரியப்பா சொத்தில் பெரும் பங்கை வெட்டிவிட்டார். அந்த மேரி பக்தியானவர். மெதுவாக ஓகானலும் பூசைக்குத் திரும்பினார். ஆனாலும் மனசாட்சியில் சர்க்கார் கை வைக்கக் கூடாது என்ற லண்டன் பாடம் கடைசி வரை போகவில்லை. யூதர்களுக்கும் அதே உரிமை வேண்டும் என்று பேசினார். அமெரிக்க அடிமைமுறையைக் கடுமையாகக் கண்டித்தார், அதனால் அங்கிருந்து வரும் நன்கொடை குறைந்தாலும் பரவாயில்லை என்று.

வக்கீல் தொழிலில் அவரை அடிக்க ஆள் இல்லை. ஆனால் கத்தோலிக்கர் என்பதால் ஜட்ஜ் ஆக முடியாது. 1815-ல் ஒரு கறுப்பு நாளும் வந்தது. டேஸ்டர் என்பவர் அழைத்த துப்பாக்கிச் சண்டையில் அவரைச் சுட்டார், ஆள் இறந்துவிட்டார். அந்தக் குற்ற உணர்ச்சி ஆயுசுக்கும் போகவில்லை. இறந்தவரின் மகளுக்குப் பல வருஷம் பணம் கொடுத்தார்.

1823-ல் கத்தோலிக்கர் சங்கம் தொடங்கினார். முதலில் சந்தா வருஷம் ஒரு கினி, அதாவது பணக்காரர்களுக்கு மட்டும். 1824-ல் ஓகானல் ஒரு யோசனை சொன்னார். மாதம் ஒரு பென்னி கொடுத்தாலும் அவன் நம்ம ஆள். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பாதிரியார்களும் சங்கத்து ஆட்களும் பென்னி வசூல் செய்தார்கள். குடிசைக்காரன் முதல் முறையாக ஒரு சங்கத்தில் மெம்பர்! (நம்ம யூனியன் சந்தாவை மூன்றாம் டெர்ம் வரை இழுத்தடிக்கும் நண்பர்கள் கவனிக்கவும்.)

1828-ல் கிளேர் தொகுதி இடைத்தேர்தலில் நின்றார். கத்தோலிக்கர் நிற்கலாம், ஜெயிக்கலாம், உட்காரத்தான் முடியாது. உட்கார வேண்டுமானால் பூசையை மூடநம்பிக்கை என்று சத்தியம் செய்ய வேண்டும். ரகசிய ஓட்டு கிடையாது, நிலச்சுவான்தார் கண் முன்னாலேயே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். குத்தகையைப் பிடுங்கினால் தெருவில் நிற்க வேண்டியதுதான். அப்படியும் நாற்பது ஷில்லிங் நிலம் வைத்திருந்த ஏழைக் குடியானவர்கள் அவருக்குப் போட்டார்கள். 2057-க்கு 982. கலவரம் வரும் என்று பயந்த பிரதமர் வெலிங்டன் ராஜாவைச் சம்மதிக்க வைத்தார். 1829 ஏப்ரல் 13-ல் கத்தோலிக்கர் விடுதலைச் சட்டம் வந்தது.

ஆனால் அதே நேரத்தில் இன்னொரு சட்டமும் வந்தது. ஓட்டுரிமைக்கான நில மதிப்பு நாற்பது ஷில்லிங்கிலிருந்து பத்து பவுன் ஆனது. இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்த வாக்காளர்கள் நாற்பதாயிரத்துக்கும் கீழே போனார்கள். யார் தைரியமாக ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்தானோ அவன் ஓட்டு போச்சு. ஓகானல் எதிர்த்தார்தான், ஆனால் உயிரைக் கொடுத்து எதிர்க்கவில்லை. 1825-லேயே இப்படி ஒரு பேரத்துக்கு ஒத்துக்கொண்டவர் அவர். அவரை எவ்வளவு பிடித்தாலும் இது எனக்குச் செரிக்கவே இல்லை.

கத்தோலிக்கர் இறந்தால் கல்லறையில் ஜெபம் சொல்லக் கூடத் தடை இருந்த டப்ளினில், அவர் முயற்சியால் 1832-ல் கிளாஸ்நெவின் இடுகாடு திறந்தது. எந்த மதத்தார் உடலையும் அங்கே புதைக்கலாம். 1841-ல் டப்ளின் மேயர் ஆனார். பிறகு அயர்லாந்துக்குத் தனிப் பார்லிமெண்ட் கேட்டு லட்சக்கணக்கில் கூட்டம் கூட்டினார். 1843-ல் குளோண்டார்ஃப் கூட்டத்துக்குத் தடை வந்ததும் ரத்தம் சிந்தக் கூடாது என்று தானே நிறுத்திவிட்டார். இளைஞர்கள் கோழை என்றார்கள். 1844-ல் ஜெயிலுக்கும் போய் வந்தார். 1845-ல் உருளைக்கிழங்கு அழுகிப் பெரும் பஞ்சம். அதில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். 1847 பிப்ரவரியில் பார்லிமெண்டில் உதவி கேட்டுக் கடைசியாகப் பேசினார். குரல் பக்கத்தில் இருந்தவருக்கே கேட்கவில்லையாம்.

பஞ்சத்துக்கு முன்பு ஏழைக் கிராமங்களில் ஞாயிறு பூசைக்கு எல்லோரும் வந்ததில்லை. புனிதக் கிணறும் சாவு வீட்டுச் சடங்கும்தான் அவர்கள் பக்தி. பஞ்சத்துக்குப் பிறகு பேராயர் பால் கல்லன் காலத்தில்தான் கோயிலும் ஜெபமாலையும் வீட்டுக்கு வீடு வந்தன. 1937 அரசியல் சட்டம் கத்தோலிக்க சபைக்குத் தனி இடமே கொடுத்தது, 1972-ல் ஜனங்களே ஓட்டுப் போட்டு அதை எடுத்தார்கள். 1990-களில் குழந்தைகளுக்குச் சாமியார்கள் செய்த கொடுமைகள் வெளியே வந்தன. 1995-ல் விவாகரத்தும் 2018-ல் கருக்கலைப்பும் ஓட்டில் ஜெயித்தன. 1961-ல் நூற்றுக்கு 95 பேர் கத்தோலிக்கர், 2022 கணக்கில் 69. சட்டம் போட்டு அடித்தபோது போகாத நம்பிக்கை, சட்டமே தாங்கிப் பிடித்தபோது கரைந்தது. ஓகானல் இருந்திருந்தால் என்ன சொல்வார் என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன்.

அவர் ரோமுக்குப் போகும் வழியில் ஜெனோவாவில் 1847 மே 15-ல் இறந்தார். அவர் ஆசைப்படி இதயத்தை ரோமுக்கும் உடலை அயர்லாந்துக்கும் அனுப்பினார்கள். உடல் கிளாஸ்நெவினில் இருக்கிறது. ரோமில் சுவருக்குள் வைத்த இதயத்தைப் பின்னால் தேடிப் பார்த்தபோது அங்கே காணோம்.